வழியில் நிற்காத வண்டி

“இன்னும் எம்புட்டு நேரத்துக்கு அந்தச் செயினையே தொடைச்சுக்கிட்டு இருப்பீக?”

இன்பராணி கையில் பையோடு நின்றாள். மகளுக்கு ஒரு மாற்றுச் சேலையும், உப்புப் போட்டு ஆற்றிய நொய்க்கஞ்சி ஒரு புட்டியும் அதில் இருந்தன.

ஞானராஜ் தலை நிமிரவில்லை. முற்றத்தில் அவருடைய மோட்டார் சைக்கிள், பக்கத்தில் ஆள் உட்காரும் தொட்டியோடு நின்றது. சண்டை முடிந்து பட்டாளத்தில் ஏலம் விட்டபோது எடுத்தது. அங்கே எத்தனை ஆயிரம் மைல் ஓடியதோ, பாளையம்பட்டிக்கு வந்த பிறகும் அதற்கு ஓய்வில்லை. செயின் நீண்டு தொங்கியது. பல்சக்கரத்தின் பற்கள் தேய்ந்து கொக்கியாக வளைந்திருந்தன. செயினைக் கழற்றி, விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயையெல்லாம் சட்டியில் ஊற்றி ஊறப்போட்டிருந்தார்.

காலையில்தான் நரிக்குடியிலிருந்து பால்ச்சாமி சைக்கிளில் வந்தான். மகள் பிலோமியைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரன். பிலோமிக்கு ராத்திரியிலிருந்து வாந்திபேதி, ரொம்ப முடியவில்லை, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உடனே வண்டியோடு வரவேண்டும் என்றான். சொல்லும்போது இன்பராணியின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வாய் கஞ்சி குடிக்கச் சொன்னதற்கு வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, இன்பராணியின் அண்ணன் வீட்டுக்கும் சொல்லவேண்டும் என்று கிளம்பிவிட்டான்.

ஞானராஜ் அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அது அவர் குணம். யார் என்ன சொல்ல வந்தாலும் பாதியிலேயே மீதியும் அவருக்கு விளங்கிவிடும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவன் தலை மறைந்ததும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்.

“நேத்துக்கூட திருச்சுழி போயிட்டு வந்தீகள்ல. ஓடுச்சுல்ல?”

“ஒத்த ஆளுக்கு ஓடுச்சு. தொட்டியில ஒன்னைய ஏத்திக்கிட்டுப் போறப்ப செயின் கண்ணி தெறிச்சா, கரிசக்காட்டுல நின்னுக்கிட்டு என்ன செய்ய?”

“நடந்து போறேன். பிள்ள அங்க கெடந்து துடிக்குது.”

அவர் ஒவ்வொரு கண்ணியாக மடக்கிப் பார்த்தார். விறைத்துக் கிடந்தவற்றில் எண்ணெய் விட்டு, இளகும்வரை அசைத்தார்.

காலை பஸ் போய்விட்டது, இனி மத்தியானம்தான் என்று பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள் வந்து சொன்னாள். அதற்குப் பிறகு இன்பராணிக்குப் பொறுக்கவில்லை. பெற்ற மகளைவிட இந்த இரும்பு பெரிதாகப் போய்விட்டதா என்று கேட்டாள். இன்னும் வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, அவர் முழங்கையால் கண்ணைத் துடைத்தார். மண்ணெண்ணெய் நெடி என்றார்.

செயினை மாட்டி, பின்சக்கரத்தை இழுத்து வைத்து முடுக்கினார். விரலால் அழுத்திப் பார்த்தார். திருப்தியில்லை. தளர்த்தி மறுபடி முடுக்கினார். கையைக் கழுவிக்கொண்டு “ஏறு” என்றபோது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

வண்டி ஒரு இடத்திலும் உதறவில்லை. திருச்சுழி தாண்டி, பள்ளமும் மேடுமான பாதையிலும் செயின் நழுவவில்லை. தொட்டிக்குள் இன்பராணி கஞ்சிப் புட்டியை மடியில் அணைத்துக்கொண்டு, மாதாவே மாதாவே என்று வழி நெடுக முனகிக்கொண்டு வந்தாள்.

நரிக்குடிக் கண்மாய்க் கரையில் ஞானராஜ் வண்டியை நிறுத்தினார்.

“மனசத் திடப்படுத்திக்க இன்பராணி. பிலோமி நம்மள விட்டுப் போயிட்டா.”

அவள் விளங்காமல் பார்த்தாள். “ஆரு சொன்னா?”

“ஆரு சொல்லணும்? செத்தவுகள ரொம்ப முடியலைன்னுதான சொல்லி அனுப்புவாக. ஒங்கப்பா போனப்பவும் அப்படிச் சொல்லித்தான ஒன்னையக் கூட்டிக்கிட்டுப் போனேன். பால்ச்சாமி மூஞ்சியப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே ஓடி என்ன ஆகப்போகுது? நீ வழியில சீரழியாமப் போய்ச் சேரணும்னுதான் செயினப் பாத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் மக இருக்கான்னே நெனச்சுக்கிட்டு இருக்கட்டுமேன்னு...”

ஹேண்டில் பாரில் தலையை வைத்து, காலையிலிருந்து அடக்கியதையெல்லாம் சேர்த்து அழுதார். இன்பராணி அழவில்லை. புட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தெரு திரும்பும்போதே ஒப்பாரி கேட்டது. வாசலில் கூட்டம். தான் நினைத்தது தப்பவில்லை என்பதுபோல ஞானராஜ் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, மருமகன் சின்னத்துரையின் தோளில் கை வைத்தார்.

அவன் அந்தக் கையை எடுத்துவிட்டான்.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான மாமா விடியமுன்னயே ஆள் அனுப்புனேன்? அப்பா வண்டிச் சத்தம் கேக்குதா, கேக்குதான்னு கேட்டுக்கிட்டே கெடந்தவளுக்கு, இப்ப, நீங்க தெருவுக்குள்ள வாரதுக்குச் செத்த நேரத்துக்கு முன்னதான் மூச்சு அடங்குச்சு.”