கரடி வீட்டுத் திரை

கரடி தன் குகையில் ஹோம் தியேட்டர் வைத்தது. சுவரை அடைத்துத் திரை, மூலைக்கு மூலை ஸ்பீக்கர். காட்டில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை என்பதில் கரடிக்குத் தலைகால் புரியவில்லை. முயலையும் முள்ளம்பன்றியையும் படம் பார்க்க அழைத்தது.

படத்தில் கொட்டும் மழையில் ஒரு தாய் மான் தன் குட்டியைத் தேடி அலைந்தது. முயலுக்குக் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்துக் கரடி படத்தை நிறுத்தியது.

"இடி முதுகுக்குப் பின்னால இடிச்சுதே, கவனிச்சீங்களா? மறுபடியும் போடறேன்."

மறுபடியும் இடித்தது. பிறகு ரயில் சத்தத்துக்காக வேறு படம், குதிரைக் குளம்படிக்காக இன்னொன்று. எதையும் கரடி முழுசாக ஓடவிடவில்லை.

"அண்ணே, அந்த மான்குட்டி கிடைச்சுதா?" என்று முயல் மெல்லக் கேட்டது.

"எந்தக் குட்டி?" என்றது கரடி.

வேலை இருப்பதாகச் சொல்லி இரண்டும் கிளம்பிவிட்டன.

மறுநாள் முயலின் வளைக்குள் விசும்பல் கேட்டது. கரடி தலையை நுழைத்துப் பார்த்தது. ஒரு சின்னச் செல்போனில் அதே படம். முள்ளம்பன்றி முள்ளை மடக்கிக்கொண்டு முயலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது.

"இதெல்லாம் ஒரு திரையா?" என்று ஆரம்பித்தது கரடி.

"உஷ்! பேசாம பாருங்கண்ணே!" என்றது முயல்.

கரடி பார்த்தது. படம் முடிந்தபோது அதன் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டுல பார்த்திருந்தா இன்னும் பிரமாதமா இருந்திருக்கும்" என்றது கம்பீரமாக. ஆனால் தலையை வெளியே எடுக்கவில்லை. "சரி சரி, அடுத்த படத்தைப் போடுங்க."