காலை ஆறு மணி ராங் நம்பர்

போன் அடித்ததும் பெரிய மருமகள் ஓடிப்போய் எடுத்தாள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பட்டன் போன்.

"கணக்கரே..." அதே ஆண் குரல்.

அவள் மூச்சுக்கூட விடவில்லை. இரண்டு மாதமாகத் தினமும் இப்படித்தான். எவனோ ஒருவன் யாரோ ஒரு கணக்கருக்கு அடிப்பதாக நினைத்து நம்பர் மாற்றி அடித்து, மார்க்கெட்டில் தக்காளி என்ன விலை என்று ஒப்பித்துவிட்டு வைத்துவிடுவான். அந்தப் புண்ணியத்தில், தோட்டத்துக்கு வரும் வியாபாரியால் இவர்களை ஏமாற்ற முடியவில்லை.

"கணக்கரே, இன்னிக்கு மார்க்கெட்ல மூட்டை தூக்குறவங்க ஸ்ட்ரைக். யாரையும் பறிக்க வேண்டாம்னு சொல்லிடுங்க." வைத்துவிட்டான்.

புருஷனிடம் சொன்னாள். அவன் பறித்துப் போட எடுத்த கூடையைக் கீழே வைத்தான்.

"தம்பி வீட்லயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன். பறிச்சா அழுகிடும்."

"உட்காருங்க பேசாம! உங்க தம்பி பொண்டாட்டிகிட்டதான் உள்ளங்கை அகலத்துக்குப் போன் இருக்கே. உலகமே அதுல தெரியுதாம். இதுவும் தெரியட்டும்."

"உனக்கு வயித்தெரிச்சல்."

"ஆமா, எரியுது! ஒரே வீட்டுக்குத்தானே ரெண்டு பேரும் வாக்கப்பட்டோம்? அவளுக்குப் போனு, புதுக் கூரை. எனக்கு இந்த டப்பா. ஏதோ கடவுளாப் பார்த்து எனக்குன்னு ஒரு ராங் நம்பரைக் கொடுத்திருக்கார். அதையும் அவளுக்குப் பங்கு வைக்கணுமா?"

"இந்த ஒரு பறிப்பு வீணாப் போச்சுன்னா அவங்க எழுந்திருக்க மாட்டாங்கடி."

"சொத்துப் பிரிச்சப்ப என்னைப் பேசின பேச்சுக்குப் படட்டும்."

அவன் திண்ணையில் உட்கார்ந்துவிட்டான். இவளிடம் பேசி ஜெயித்தவர் யார்?

ஓரகத்தி கூடையோடு கிளம்பும் அழகைக் கண்ணாரப் பார்க்க வேண்டும் போலிருந்தது. குடத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி, நடுச்சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

சின்னவள் எங்கேயும் கிளம்பவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டீங்களாண்ணே? அப்பாடி, நல்லவேளை! ... நானா? நான் சொன்னா அக்கா கேப்பாங்களா? வீம்புக்குன்னே மொத்தத்தையும் பறிச்சுப் போடுவாங்க. நாளைக்கும் நீங்களே அடிச்சிடுங்கண்ணே... ராங் நம்பர் மாதிரியே பேசுங்க, சிரிச்சுக் காட்டிக் கொடுத்திடாதீங்க!"