இருபத்துமூன்று தொழில்கள்

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. இருவது வருஷத்துக்கு முன்னாடியே உங்களுக்கு இங்க பஞ்சர் கடை இருந்துச்சுதானே?”

வைரக்கண்ணு லாரி டயரைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, வந்தவரைப் பார்த்தார். முகம் உடனே பிடிபட்டுவிட்டது. அன்றைக்கு ஜோல்னாப் பையோடு வீடு வீடாக ஏறி இறங்கிய ஆராய்ச்சி மாணவி ஜெயசித்ரா. இன்று பொருளாதாரப் பேராசிரியர். காரில் வந்திறங்கினாலும் சொந்த ஊரான வேப்பந்தட்டையின் பேச்சு அப்படியே இருந்தது.

“என்னம்மா திடீர்னு?”

“நாளைக்கு யுனிவர்சிட்டியில விசாரணை. என் ஆராய்ச்சியே பொய்யின்னு ஒருத்தர் எழுதிட்டார். முந்நூறு வீடு இருந்த ஊர்ல இருபத்துமூணு தொழில் எப்படி இருந்திருக்கும்னு கேக்கறார்.”

“அப்படி என்ன ஆராய்ச்சிம்மா?”

ஜெயசித்ரா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வகுப்பெடுக்கிற பழக்கம் எங்கே போகும்?

“சிக்கலியல்னு பேரு. ஒரு ஊர் வளருமான்னு தெரிஞ்சுக்க, அங்க எவ்வளவு விளையுதுன்னு பாத்தா பத்தாது. எத்தனை விதமான வேலை தெரிஞ்சவங்க இருக்காங்கன்னு பாக்கணும். பஞ்சர் கடை இருந்தா பக்கத்துல வெல்டிங் வரும், வெல்டிங் வந்தா லேத்து வரும். உங்க ஊரை வெச்சுத்தான் அதைப் புஸ்தகமா எழுதினேன். எழுதின மாதிரியே வளந்துடுச்சே!”

அதில் மிகை இல்லை. ரெட்டிபாளையம் ரோட்டில் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் எந்த லாரி மக்கர் செய்தாலும், இந்த ஊரில்தான் வந்து நிற்கும். பேட்டரி, ரேடியேட்டர், லேத்து, மெஸ் என்று கடைகள் வரிசை கட்டியிருந்தன.

“விசாரணையில தோத்துட்டா?”

“வேலை போயிடும். அதைக்கூடத் தாங்கிக்கலாம். இருவது வருஷமா சேத்த பேரு போயிடும். நீங்கள்லாம் சொன்னதுக்கு மேல ஒரு எழுத்துகூட நான் சேக்கலண்ணே.”

வைரக்கண்ணு கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“இருந்துச்சும்மா. அப்பவே கடை இருந்துச்சு. எங்க கையெழுத்துப் போடணும்?”

பேராசிரியர் பக்கத்துக் கடைப் பக்கம் திரும்பினார். “அக்கா, உங்க தையல் கடை?”

தையல் மெஷினை நிறுத்திவிட்டு பொன்னாயி தன் கணவரைப் பார்த்தாள். வைரக்கண்ணு லேசாகத் தலையசைத்தார்.

“அதுவும் அப்பவே இருந்துச்சும்மா” என்றாள் பொன்னாயி.

மதியத்துக்குள் ஊரில் பாதிப்பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஜெயசித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாரையும் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

கார் மறைந்ததும் பொன்னாயி பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, படிச்ச புள்ளைகிட்ட இப்படிக் கூசாமப் புளுகிட்டீங்களே! அன்னிக்கு அது ஃபாரமும் பேனாவுமா வந்து நின்னப்ப, கவர்மெண்டுல இலவசமா மெஷின் தரப்போறாங்கன்னு நெனச்சுத்தானே ஆளுக்கொரு தொழிலைச் சொன்னோம்? தையல் மெஷின் கிடைக்குமேன்னு நான் தையல்னேன். காத்தடிக்கிற மெஷின் கிடைக்குமேன்னு நீங்க பஞ்சர்னீங்க. அப்ப இந்த ஊரு பூராவும் பருத்தி எடுக்கக் கூலிக்குத்தானே போய்ட்டிருந்துச்சு!”

வைரக்கண்ணு மறுபடி டயரைப் புரட்டிப் போட்டார்.

“வாஸ்தவந்தான். ஆனா அந்தப் புள்ள எழுதுன புஸ்தகத்தைப் படிச்சுட்டு, இந்த ஊர்ல பஞ்சர் கடை இருக்காமேன்னு சிமெண்டு ஆலை மேனேஜரு லாரிய அனுப்பிவெச்சாரு பாரு, அன்னிக்குத்தான்டி நான் டயரே கழட்டக் கத்துக்கிட்டேன்!”