கீழ்ப்பட்டை

வாளியை உதைத்தது அவன் கால்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. அந்தப் பலகையில் அவன் ஒருத்தன்தான் நின்றான்.

கப்பலின் விலாவில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பலகை. அதில் எழுந்து நின்று, பிரஷ்ஷை மைக்காகப் பிடித்துக்கொண்டு, ரேடியோவில் கேட்ட அமைச்சரைப் போலப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தான்.

“எங்கள் கொடியில் ஒரு கீறல் விழட்டும். அப்புறம் பாருங்கள் எங்களை!”

‘பாருங்கள்’ என்று காலை ஓங்கி வைத்ததில் கறுப்புப் பெயிண்ட் கவிழ்ந்தது.

நேரே கொடியின் மேல்.

இரும்பில் தீட்டிய கொடி. இரண்டு ஆள் உயரம். நாங்கள் யார் சண்டைக்கும் வராதவர்கள் என்று போகிற வருகிற போர் விமானத்துக்கெல்லாம் தெரிய வேண்டாமா? அதற்காக.

வெள்ளைப் பட்டைக்குத் தாடி முளைத்தது.

மேலே கம்பியில் சாய்ந்து வேடிக்கை பார்த்த கஸ்பார் கெக்கெக்கே என்று சிரித்தான். கப்பலின் சமையல்காரன். பலகையில் நிற்பவனுக்கு மனைவியின் தம்பி.

“அத்தான், நம்ம நாடு மொதல்ல ஒம்ம மேலதான் சண்டைக்கு வரும்.”

“வரட்டும் மாப்ள. ஒரு மாசமா அந்த மனுசனும் கத்துறாரு, ஒருத்தனும் கீற மாட்டேங்கான். பாவம், தொண்டை கட்டிப்போச்சு.”

சிரிக்க வைப்பது ஒன்றுதான் அவனுக்குக் கைவந்த தொழில். பெயிண்ட் அடிப்பது கைவராது என்பது இப்போது கடலுக்கே தெரிந்துவிட்டது.

சரங்கு தொம்மை எட்டிப் பார்த்தார். மாலுமிகளுக்கெல்லாம் மேஸ்திரி அவர்.

“ஏல கோமாளி. நங்கூரம் தூக்குறதுக்குள்ள தொடச்சு வெள்ளையடி. பொழுதடைய நீரிணைக்குள்ள போறோம்.”

நீரிணையின் ஒரு கரையில் ஒரு படை. மறு கரையில் இன்னொன்று. நடுவில் இவர்கள், அரிசியோடு.

பலகையை இன்னும் இறக்கச் சொன்னான். மண்ணெண்ணெய்த் துணியால் தாடியைத் தேய்த்துக்கொண்டே கீழே போனான்.

கால் நனைந்தது.

குனிந்தான்.

கொடியின் கீழ்ப்பட்டையைக் காணோம்.

அது தண்ணீருக்குள் கிடந்தது.

கொடியை வரைந்தவனும் அவன்தான். ஊரில், அரிசியெல்லாம் ஏற்றி முடித்த பிறகு, இதே பலகையில் உட்கார்ந்து. அன்று கால்களைத் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டேதான் வரைந்தான். கடல் எட்டவில்லை.

அரிசி கனக்கும். ஊறினால்கூடக் கனக்கும். ஆனால் தானாகக் குட்டி போடாது.

வருகிற வழியில் நம் நாட்டுத் துறைமுகம் ஒன்றிலேயே ஒரு நாள் ஒதுங்கினார்கள். எல்லோரையும் கரைக்கு அனுப்பினார்கள். பிரியாணியும் சினிமாவும் கம்பெனி செலவு. மாலுமிக்கு எந்தக் கம்பெனியும் செய்யாத மரியாதை. திரும்பி வந்தபோது மூன்றாவது கிடங்கின் மூடியில் புதுப் பூட்டு.

சும்மா கிடைத்த பிரியாணியைக் கேள்வி கேட்கும் வழக்கம் அவன் பரம்பரையில் இல்லை.

ஒருமுறை மட்டும் கேட்டான். “ஒன் மாமியா அனுப்பின சீதனம்ல” என்றார் சரங்கு. எல்லோரும் சிரித்தார்கள். அவன்தான் அதிகமாகச் சிரித்தான்.

மாமியார்.

சண்டை நடக்கிற கடலுக்கா என் பிள்ளையைக் கூட்டிப்போகிறாய் என்று கேட்டு அழுதவள். அவள் தலையிலடித்துச் சத்தியம் பண்ணியவன் அவன். நம்ம கப்பலை எவனும் தொட மாட்டான் அத்தை, இருட்டினா கொடிக்கு லைட்டுப் போடுறதே நான்தான் அத்தை.

விமானச் சத்தம் கேட்டது.

தினமும் ஒன்று வரும். கொடியைப் பார்க்கும். போய்விடும். கஸ்பார் அகப்பையை ஆட்டி வழியனுப்புவான்.

இன்று போகவில்லை.

தாழ்ந்து வந்து சுற்றியது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தலை தெரிந்தது. அந்தத் தலை கொடியைப் பார்க்கவில்லை. கப்பலைத் தண்ணீர் தொடும் இடத்தையே பார்த்துக்கொண்டு போனது.

கஸ்பார் அகப்பையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

வெள்ளையடித்து முடித்து மேலே ஏறினான். கறுப்பு முழுக்கப் போகவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் தங்கிவிட்டது.

சரங்கு கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, மூணாவது கிடங்குல என்ன இருக்கு?”

சீதனம் என்று சொல்ல வாயெடுத்தார். அவன் முகத்தில் கோமாளியைத் தேடினார். காணவில்லை.

“ஷெல்லு. பீரங்கிக் குண்டுல.”

எந்தக் கரைக்கு என்று அவன் கேட்கவில்லை. எந்தக் கரைக்கானாலும் எதிர்க்கரை ஒன்று இருக்கிறது.

சமையலறையில் கஸ்பார் பாடிக்கொண்டே வெங்காயம் அரிந்தான். குரல் அக்காவுடையது மாதிரியே இருக்கும், சுதிதான் சேராது.

நங்கூரச் சங்கிலி கடகடவென்று ஏறத் தொடங்கியது. பொழுது சாய்ந்துவிட்டது. கொடி விளக்கின் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

“இன்னைக்கு ஒரு நா, லைட்டப் போடாம இருட்டோட இருட்டாப் போயிருவமா அண்ணாச்சி?”

“நானும் கேட்டேம்ல கேப்டன்ட்ட. அவரு ஊருக்கு வயர்லஸ்ல கேட்டாரு. அமைச்சர் ஆபீஸ்லருந்தே பதில் வந்துச்சு.”

“என்ன சொன்னானுவ?”

சரங்கு அவன் விரல்களில் ஒட்டியிருந்த கறுப்பைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார்.

“என்ன ஆனாலும் கொடி தெரியணுமாம்.”