தடி ஊசி

"அண்ணே, இது பாட்டா, இல்ல கொசு முனகுதா?" என்று கேட்டுவிட்டுப் பித்தளைக்காரர் கடகடவென்று சிரித்தார்.

கடைக்காரர் கேட்காததுபோல் குழாயைத் துடைத்தார். மேஜைமேல் அவருடைய கறுப்புத் தகரக் குழாய் கிராமபோன் சுழன்றுகொண்டிருந்தது. பாடத்தான் செய்தது. ஆனால் கேட்பதற்குக் காதைக் குழாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது.

அருங்காட்சியகத்திலிருந்து வந்த அதிகாரியம்மா லென்ஸோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பழைய குழாய் கிராமபோன் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு இன்றே அவர் ஊர் திரும்ப வேண்டும். காலையில் பித்தளைக்காரர் கடையில் பித்தளைக் குழாய் வைத்த ஒன்றைப் பார்த்தாயிற்று. வழி காட்டுகிறேன் பேர்வழி என்று அவரும் கூடவே இங்கே வந்துவிட்டார்.

கடைக்காரருக்கு இது வெறும் வியாபாரமில்லை. "அவர் விக்கிறதெல்லாம் அசல் இல்ல, அங்கங்கே பொறுக்கிக் கோத்த சரக்கு" என்று பித்தளைக்காரர் போகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லி, இந்தக் கடைப்பக்கம் ஈ காக்கைகூட வருவதில்லை. அருங்காட்சியகமே எடுத்துக்கொண்டால் அந்தப் பேச்சு இன்றோடு செத்தது. அதுவும் கைவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

"பெட்டி பழசுதான், சந்தேகமில்ல" என்று நிமிர்ந்தார் அதிகாரியம்மா. "ஸ்க்ரூ தலையில எல்லாம் ஒத்தைக் கோடு. குழாய்ல இருக்கிற பெயின்ட்டும் அந்தக் காலத்துதுதான். உங்க பித்தளைக் குழாய் மெஷின் அப்படியில்ல சார். பளபளன்னு இருக்கு, ஆனா ஸ்க்ரூ தலையில கூட்டல் குறி. இந்த மாதிரி மெஷின் செஞ்ச காலத்துல அந்த ஸ்க்ரூவே பிறக்கல."

பித்தளைக்காரருக்கு முகம் சுருங்கியது. "இருக்கட்டும் மேடம். பாடுதுல்ல? காலையில கடையே அதிர்ந்துச்சே."

"அதுதான் சிக்கல்" என்று அதிகாரியம்மா கடைக்காரர் பக்கம் திரும்பினார். "எங்க கூடத்துல பள்ளிக்கூடப் பிள்ளைங்க வந்து கேட்கணும். இவ்வளவு சின்னச் சத்தத்தைப் பார்த்தா, உள்ளே ஏதோ வேற சாமானை மாத்தியிருக்காங்கன்னு தோணுது. அப்படின்னா இதுவும் கோத்ததுதான். அதுக்குப் பதிலா, பாடுற அந்தப் பித்தளைக் குழாயையே வாங்கி, நகல்னு எழுதி வெச்சுடலாம்."

"ஒண்ணும் மாத்தல மேடம். இப்ப நான் போட்டிருக்கிறது மெல்லிசு ஊசி. சத்தத்தைக் கூட்டிக் குறைக்க இதுல வேற வழி கிடையாது, எல்லாம் ஊசிதான். தடி ஊசி போட்டா தெருக்கோடி வரைக்கும் கேட்கும்."

"அப்போ போடுங்க, கேட்போம்."

ஊசி டப்பா வரைக்கும் போன கடைக்காரர் கை அங்கேயே நின்றுவிட்டது. கண் கூரைப் பக்கம் போயிற்று.

"இப்ப முடியாதுங்க. மாடியில கைக்குழந்தைக்குக் காய்ச்சல். பகல்ல சத்தம் வராதுன்னு குழந்தையோட அம்மாகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன். சாயங்காலம்னா..."

"சாயங்காலம் நான் ரயில்ல இருப்பேன்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் பித்தளைக்காரர். "தடி ஊசி போட்டா குட்டு உடைஞ்சிடும் மேடம். அதுக்குப் பச்சப்புள்ளைய சாக்கு சொல்றார்." மறுபடியும் அதே சிரிப்பு.

வாசலில் நிழல் தட்டியது. மாடி வீட்டுப் பெண்தான். கலைந்த தலை, தோளில் ஈரத்துணி, சிவந்த கண்கள். எப்போது இறங்கி வந்தாள், எவ்வளவு கேட்டாள், தெரியவில்லை.

கடைக்காரர் ஊசி டப்பாவைச் சட்டென்று தள்ளிவைத்தார். அவள் வாய்க்குப் பயந்தவர் அவர். போன மாதம், "இன்னொரு தடவை என் பிள்ளை தூக்கம் கெட்டுச்சுன்னா அந்தக் குழாயைக் கழட்டி கிணத்துல போட்டுடுவேன்" என்று இதே வாசலில் நின்று கத்தியவள் இவள்.

"நான் சத்தமே வைக்கலம்மா" என்றார் அவசரமாக. "இவர் சிரிச்சதுதான்..."

"அது மாடி வரைக்கும் கேட்டுச்சு அங்கிள்" என்றாள் அவள். பித்தளைக்காரரை மேலும் கீழும் பார்த்தாள். "சிரிப்பு வந்த வழியில பாட்டும் வரட்டுமே. குழந்தை எப்பவோ எழுந்து விளையாடிட்டு இருக்கான். நீங்க தடி ஊசியே போடுங்க."

"நிஜமாவாம்மா?"

"போடுங்கன்னா போடுங்க." திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று படியேறினாள்.

கடைக்காரர் ஊசியை மாற்றினார். கைப்பிடியை முறுக்கும் மட்டும் முறுக்கினார். ஊசி முனையை இசைத்தட்டில் இறக்கினார்.

முதல் வரியிலேயே அலமாரிக் கண்ணாடி கிடுகிடுத்தது. குழாய்க்கு எதிரே நின்ற பித்தளைக்காரர் தம்மையறியாமல் பின்னால் நகர்ந்தார். தெருவில் சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்றார். எதிர்ப்புறத் தையல்கடையில் மிஷின் ஓசை அடங்கியது. அந்தத் தகரக் குழாய்க்குள் ஓர் ஆளே நின்று அடிவயிற்றிலிருந்து பாடுவதுபோல் இருந்தது.

பாட்டை அதிகாரியம்மா முழுக்கக் கேட்டார். பிறகு லென்ஸை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"வெளியேயும் அசல், உள்ளேயும் அசல். இதை நாங்க எடுத்துக்கிறோம். காலையில கேட்டது இதுக்கு முன்னாடி தொண்டை கட்டினவன் பாடின மாதிரி இருக்கு சார், தப்பா நினைக்காதீங்க."

பித்தளைக்காரர் தப்பாக நினைக்க அங்கே இல்லை. வாசலில் கூடிவிட்ட கூட்டத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எங்க வீட்டுலயும் ஒண்ணு கிடக்கு. அசலான்னு பார்த்துச் சொல்வீங்களா?" என்று அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"எடுத்துட்டு வாங்க, பார்த்துடலாம்." எத்தனை நாள் ஆயிற்று கடைக்காரர் இப்படிச் சொல்லி.

எல்லாரையும் அனுப்பிவிட்டு, நன்றி சொல்ல மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அதை மீறிக்கொண்டு அவள் கணவனின் குரல்.

"ராத்திரி பூரா கண்ணு மூடாதவன். காய்ச்சல் இறங்கி இப்பத்தானே அசந்து தூங்கினான். எந்தப் பாவி எழுப்பினான்? இரு, கீழே போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

"போகாதீங்க" என்றாள் அவள். "எழுப்பினது நான்தான்."