மூன்றாவது நுரையீரல்

சென்னியப்பனுக்கு மூன்றாவது முறையாகப் புது நுரையீரல் வைத்தாகிவிட்டது. நூற்பாலை வளாகத்துக்குள்ளேயே இருந்த ஆஸ்பத்திரியின் காற்றில் ஒரு பஞ்சுத் துகள்கூடக் கிடையாது. டாக்டர் நெஞ்சைச் சோதித்துவிட்டு, "நாளைக்கு வேலைக்குப் போலாம்" என்றார்.

அவன் மனைவி பூவாத்தாள் பதறி எழுந்தாள். "ஏனுங்க டாக்டர், இன்னொருக்கா நெஞ்சைத் திறந்தா உசுரு தங்காதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? வேலைக்கு முடியாதுன்னு எழுதிக் குடுத்துருங்க."

"இத்தனை செலவு பண்ணிச் சரியாக்கிட்டு, சரியில்லைன்னு எப்படிம்மா எழுதறது?"

"அப்ப, மில்லுல பறக்கற பஞ்சை உறிஞ்சற ஃபேனையாவது ரிப்பேர் பண்ணச் சொல்லுங்க. இதே மில்லுல வேலை செஞ்ச இவங்கப்பா ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காம நாப்பத்தஞ்சு வயசுல போனாரு. இவருக்கு இப்ப நாப்பத்துநாலு."

"ஃபேன் மில்லுக்காரங்க விஷயம். நாங்க நோயைத்தான் பாக்கறோம்" என்றார் டாக்டர். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

மறுநாள் ஆலை வாசல் வரை பூவாத்தாளும் கூடவே வந்தாள். நுரையீரல் மாற்றி வருபவர்களுக்கு மாலை போடுவது அங்கே வழக்கம். "மாப்ள, எங்களுக்கு முந்தி மூணாவது வாங்கிட்டயே!" என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். கதவு திறந்ததும் பஞ்சு பனியாகப் பறந்து வந்தது. பூவாத்தாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளைத் தேற்றச் சென்னியப்பனுக்கு வேறு வழி தெரியவில்லை.

"பழசு மாதிரி இல்ல பூவு, இது எப்படி இழுக்குது பாரு" என்று, நெஞ்சு விரிய அந்தக் காற்றை ஆழமாக இழுத்துக் காட்டினான்.