நாற்பது கையெழுத்து

“மணி பத்து நாற்பது. பஸ் வருமா, வராதா மேவிஸ்?”

ரெக்ஸ் உலையில் கரி அள்ளிப் போட்டபடியே கேட்டார். இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு நான்கு மாதம் வீட்டில் கிடந்தவர். இன்றுதான் பட்டறைக்குத் திரும்பியிருந்தார்.

“வரும். வராம எங்க போகும்?” என்றார் மேவிஸ். வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருந்தார்.

“இந்த மாசம் இதுவரைக்கும் எத்தனை?”

“ரெண்டு. வழி தெரியாம வந்த ஜெர்மன்காரங்க.”

கவுன்சில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. மாதத்துக்கு நாற்பது வெளியூர்க்காரர்களாவது வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மாதம் குறைந்தாலும், பழைய கட்டடங்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் இந்தப் பழங்காலக் கிராமத்துக்குப் பூட்டுதான். மரத் தேவாலயம், ஒற்றை அறைப் பள்ளிக்கூடம், தண்டவாளம் இல்லாத ரயில் நிலையம், மூன்று அருங்காட்சியகக் கொட்டகைகள், ரெக்ஸின் கொல்லுப் பட்டறை எல்லாம் அதில் அடக்கம். கிராமம் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் திறந்திருக்கும். இன்று மே மாதத்தின் கடைசிச் செவ்வாய்.

“சிட்னியிலேர்ந்து ஆறு மணி நேரம். எவன் வருவான் இங்க?” என்றார் ரெக்ஸ். “நான் இல்லாத நாலு மாசமும் எப்படிச் சமாளிச்சீங்க?”

“பஸ்லதான்.”

பதினொரு மணிக்குப் பஸ் வந்தது. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லோருக்கும் எழுபது தாண்டியிருக்கும். யாரும் படம் எடுக்கவில்லை. எதையும் பார்ப்பதற்கு முன்னால் மேசைக்குப் போய் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். மேவிஸ் எண்ணி முடித்து, ரெக்ஸைப் பார்த்துத் தலையாட்டினார். முப்பத்தெட்டு.

பிறகு தேநீர் குடித்தார்கள். ஆஸ்திரேலியாவின் மே மாதக் குளிருக்குப் பட்டறைதான் இதமாக இருந்ததோ என்னவோ, பாதிப் பேர் அங்கே வந்து பெஞ்சுகளை நிரப்பினார்கள்.

ரெக்ஸ் இரும்பை எடுத்து உலையில் வைத்தார். “இந்தப் பட்டறையை ஆயிரத்து எண்ணூத்து எண்பதுல கட்டினாங்க...”

“எண்பத்திரண்டு,” என்றது ஒரு குரல். தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சாய்ந்திருந்த லயனல் என்பவர்.

வாசல் பலகையில் எண்பத்திரண்டுதான் போட்டிருந்தது. அவர் அதைப் பார்த்ததாக ரெக்ஸுக்கு நினைவில்லை.

“எந்த ஊர் நீங்க?”

“மலைக்கு அந்தப் பக்கம். ரெண்டரை மணி நேரம்.”

“அவ்வளவு தூரம் வந்துட்டு, கண்ணை மூடிட்டு உட்கார்ந்திருக்கீங்களே.”

“நீங்க அடிங்க. சத்தம் கேக்குது.”

ரெக்ஸ் அடித்தார். இரண்டு மணி நேரம். இடுப்பு கடுத்தது. லாடம் அடித்துக் காட்டினார், கம்பியை முறுக்கிக் காட்டினார். ஒரு கேள்வியும் வரவில்லை. ஒரு பெண்மணி எழுந்து போய், கோணலாகத் தொங்கிய பெயர்ச்சீட்டு ஒன்றை நேராக்கிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார்.

மேவிஸ் தேநீர் கொண்டுவந்தபோது ரெக்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“துக்க வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருக்காங்க. நாலு மாசமா இப்படித்தானா?”

“இப்படித்தான்.”

“அப்புறம் எதுக்கு வர்றாங்க?”

“கையெழுத்துப் போட்டாங்கல்ல? விடு.” மேவிஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “வலிக்குதுன்னா வீட்டுக்குப் போ. நான் பார்த்துக்கறேன்.”

“என்னத்தைப் பார்த்துப்பே? சுத்தியலைத் தூக்கத் தெரியுமா உனக்கு?”

போகத் தோன்றியது. ஆனாலும் நின்றார். அத்தனை பேரில் ஒரே ஒருவராவது இதை நிஜமாகப் பார்த்துவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

மூன்று மணிக்குப் பஸ் ஒலி எழுப்பியது. எல்லோரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். லயனல்தான் கடைசி. ரெக்ஸ் அன்று செய்த முறுக்குக் கொக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் வரை நொண்டிப் போய் அவரிடம் நீட்டினார்.

லயனல் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முறுக்கின் மேல் கட்டைவிரலை ஓட்டினார்.

“நடுவுல இரும்பு கொஞ்சம் ஆறிப்போச்சு. கடைசி ரெண்டு முறுக்கு நல்லா வந்திருக்கு.”

ரெக்ஸ் அவர் கைகளைப் பார்த்தார். புறங்கையெல்லாம் தீப்பொறி பட்ட பழைய தழும்புகள்.

“மேவிஸ் உங்ககிட்ட எதுவும் சொல்லலையா?” என்று லயனல் படியில் ஏறியபடியே கேட்டார். “எங்க பழங்காலக் கிராமத்தை வியாழக்கிழமைகள்ல திறக்கறோம். அங்க உலை மூட்டறது நான். எங்க கவுன்சிலும் நாற்பதுதான் கேக்குது. போன மாசம் உங்க ஊர் பஸ்ல முப்பத்தொன்பது பேர்தான் வந்தாங்க. டீசல் போட நின்ன லாரிக்காரர் ஒருத்தரைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்து கணக்கை முடிச்சோம். இந்தத் தடவை நீங்களும் வருவீங்கதானே?”